மாடிப்படிக்குக் கீழே ஒரு பாட்டில்

சேலம் ஐந்து ரோடு மேம்பாலத்தில் ஏறும்போது கார் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்பதுகூடச் சரியில்லை. இன்ஜின் ஓடுகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உர்ரென்று உறுமுகிறது. வண்டி மட்டும் நகர மாட்டேன் என்கிறது. பின்னால் டவுன் பஸ். அதற்குப் பின்னால் சேலத்தில் உள்ள அத்தனை ஹாரன்களும்.

ஓட்டிக்கொண்டிருந்தவர் என் அப்பா. வயது எழுபத்தாறு. பக்கத்து சீட்டில் நான்.

நாலு பேர் இறங்கி வந்து நியூட்ரலில் போடச் சொல்லி, மெல்லப் பின்னால் விட்டு ஓரங்கட்டினார்கள். சமதளத்துக்கு வந்ததும், அந்தப் பாவி வண்டி எதுவுமே நடக்காதது போல ஓடியது. ராசிபுரம் வந்து சேரும்வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் சாவியை என் கையில் கொடுத்து, "இனிமே நீயே வெச்சுக்கோ" என்றார்.

அந்தச் சாவி என் கைக்கு வந்த வருத்தம் உங்களுக்குப் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். இடது முழங்கால் தேய்ந்துபோய் கிளட்ச் மிதிக்க முடியாமல் ஆனபோது, நண்பர் ஒருவரிடமிருந்து இந்தப் பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்கினார். இருபது வயது தாண்டிய வண்டி. கிளட்ச் பெடலே கிடையாது. மார்க்கெட், பென்ஷன் ஆபீஸ், பழைய மாணவர் வீட்டுக் கல்யாணம், எல்லாவற்றுக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் தானே போய் வந்தார். "ஒருத்தன் வருவான்னு காத்துக்கிட்டு உக்காரற வயசுடா இது. அந்தக் காத்திருப்பு எனக்கு இல்ல" என்பார்.

போன வருடம் கியர் பாக்ஸ் படுத்தது. ரிவர்ஸ் போட்டால் யோசித்து யோசித்து நகர்ந்தது. ஆயிலை எடுத்துப் பார்த்தால் கடுங்காப்பி நிறம், கருகல் வாடை.

நாமக்கல்லில் லாரிக்கு எது வேண்டுமானாலும் செய்வார்கள். பாடி கட்டுவார்கள், டேங்கர் செய்வார்கள். பக்கத்திலே திருச்செங்கோடு, போர்வெல் வண்டிகளின் தலைநகரம். ஆனால் பழைய ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைப் பிரிக்கிற கை அபூர்வம். விசாரித்ததில் ஒருவர் அகப்பட்டார். மஸ்கட்டில் பன்னிரண்டு வருடம் இதே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். எல்லோரும் அவரை 'மஸ்கட்காரர்' என்றே கூப்பிடுகிறார்கள். பிளேட்டுகள், இறுகிப்போன ரப்பர் சீல்கள், ஃபில்டர் எல்லாம் மாற்றினார். ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய். பத்தாயிரம் பாக்கி வைத்தேன். வண்டி வெண்ணெய் போல ஓடியது. பத்து நாள். அதற்குப் பிறகு தகராறு. 'டி'யில் போட்டால் இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் பிடித்தது. திருப்பத்தில் வழுக்கியது. கடைசியில் ஐந்து ரோடு.

நான் என்ன செய்தேன்? எல்லோரும் செய்வதைத்தான். போனில் மஸ்கட்காரரைக் கத்தினேன். அவர் "கொண்டாங்க பாத்துக்கலாம்" என்றதைக் காதில் வாங்கவில்லை. பாக்கிப் பணம் கிடையாது என்றேன். டீக்கடையில் மூன்று பேரிடம், "அந்த ஆள்கிட்ட மட்டும் வண்டிய விட்டுடாதீங்க" என்று இலவச ஆலோசனை வழங்கினேன். சேலத்தில் இன்னொரு மெக்கானிக்கைப் பார்த்தேன். அவர் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "மறுபடி பிரிக்கணும். நாப்பதாயிரம் ஆகும்" என்றார்.

அப்பாதான் தடுத்தார். "செஞ்சவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம பிரிக்கறது தப்பு. வரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலை மஸ்கட்காரர் பைக்கில் வந்தார். பெரிய டூல் பாக்ஸை எதிர்பார்த்தேன். கொண்டு வந்தது ஒரு வெள்ளைத் துணி, ஒரு நீள மூக்குப் புனல். அவ்வளவுதான்.

"ஏனுங்க, வண்டி பட்டறைய விட்டு வந்ததுக்கு அப்புறம் யாராச்சும் கை வெச்சீங்களா?"

"யாரும் தொடவே இல்லை" என்றேன், கோர்ட்டில் சத்தியம் செய்கிற குரலில்.

அவர் தலையாட்டிவிட்டு, வண்டியைக் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிச் சூடாக்கினார். சமதளமாகப் பார்த்து நிறுத்தி, கியர் லீவரை ஒவ்வொரு இடத்திலும் சில விநாடி வைத்து, மறுபடி 'பார்க்'குக்குக் கொண்டுவந்தார். இன்ஜினை நிறுத்தவில்லை. ஓடும்போதே டிப் ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தார். ஆயில் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. நுனியில் மட்டும் நுரை.

"ஒரு லிட்டர் கிட்டக் குறையுதுங்க. கீழ எங்கயும் ஒழுகல். அப்புறம் எங்க போச்சு?"

எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது.

வண்டி வந்த அடுத்த வாரம், ஒரு காலை நேரம். பானெட்டைத் திறந்து, ஒரு பொறுப்புள்ள மகனாக ஆயில் அளவைப் பார்த்தேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டி. இன்ஜின் ஆயிலை அப்படித்தானே பார்ப்போம்? மேல்கோட்டுக்கும் மேலே ஒரு அங்குலம் நின்றது ஆயில். 'அதிகமா ஊத்திட்டான் மடையன்' என்று, குழாய் வைத்த சிரிஞ்சால் ஒரு லிட்டர் உறிஞ்சி எடுத்து, ஒரு பழைய பாட்டிலில் ஊற்றி மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். சிவப்பு நிறம். இன்ஜின் ஆயிலோடு குழம்பிவிடக் கூடாது என்று சாயம் போட்டு விற்கிற ஆயில் அது. நன்னாரி சர்பத் என்று யாராவது குடித்துவிடப் போகிறார்கள் என்று அம்மா அதன்மேல் பேப்பர் ஒட்டி 'விஷம்' என்று எழுதி வைத்திருந்தார்.

போய் எடுத்து வந்தேன். வேறு என்ன செய்ய? பாட்டிலைப் பார்த்ததும் மஸ்கட்காரர் சிரிக்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

என்ன நடந்தது என்று அவர் விளக்கினார், என்னிடம் அல்ல, அப்பாவிடம். "வாத்தியாரய்யா, எதிரும் புதிருமா ரெண்டு ஃபேன் வெச்சு ஒண்ணப் போட்டா, அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்துமில்லீங்களா? இதுல காத்துக்குப் பதிலா ஆயில். இன்ஜின் சுத்தறதை ஆயில்தான் சக்கரத்துக்குக் கொண்டு போகுது. கியர் பிளேட்டை அழுத்திப் பிடிக்கறதும் ஆயில் பிரஷர்தான். ஓடறப்போ ஆயில் மேல எல்லா இடத்துலயும் பரவி நிக்கும். நிறுத்தினா கீழ இறங்கிரும். ஸ்கூல் மணி அடிச்சதும் பசங்க கிரவுண்டுக்கு வர்ற மாதிரி. கிரவுண்டைப் பாத்துட்டு, பசங்க ஜாஸ்தின்னு கொஞ்சம் பேரை வீட்டுக்கு அனுப்பினா, அடுத்த பீரியட் கிளாஸ் காலியாத்தானுங்க இருக்கும்?"

அப்பா பல நாள் கழித்துச் சிரித்தார்.

மேடு ஏறும்போது, இருக்கிற கொஞ்ச ஆயிலும் பின்பக்கம் சாய, பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது. காற்றை அழுத்தி எந்த பிளேட்டைப் பிடிப்பது?

பழைய பாட்டிலில் இருந்ததை அவர் ஊற்றவில்லை. தூசி போயிருக்குமாம். புது ஆயிலைப் புனல் வழியே கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, இன்ஜின் ஓட ஓட அளந்தார். துணியில் முகர்ந்து பார்த்து, "கருகல் வாடை இல்ல, தப்பிச்சீங்க. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டுக் கொண்டாங்க, அடித்தட்டைக் கழட்டித் தூள் இருக்கான்னு பாத்துரலாம்" என்றார். 'டி'யில் போட்டார். உடனே பிடித்தது.

"ஆயில் சரியா இருந்தும் வழுக்கினா?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். முதலில் ஆயில்: அளவும் ஜாதியும். அடுத்தது ஆக்ஸிலேட்டரிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகிற கேபிள். பழைய வண்டிகளில் அதை ஒழுங்காக இழுத்து வைக்காவிட்டால் கியர் தப்பான நேரத்தில் மாறும், புது பிளேட்டே கருகும். மூன்றாவது, ஆயிலைக் குளிரவைக்கிற கூலர் லைன். கழுவாமல் விட்டால் பழைய பிளேட்டின் தூள் புது வேலைக்குள் போய் உட்காரும். நாலாவது, கேஜ் மாட்டிப் பிரஷர் பார்ப்பது. "இத்தனையும் பாத்துட்டுக் கடைசிலதானுங்க ஸ்பேனர்."

நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு இதைக் கல்லூரியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். டிரையல் பேலன்ஸ் இடிக்கிறது என்றால் லெட்ஜரை முதலிலிருந்து எழுதக் கூடாது. கூட்டலைச் சரிபார். வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை பக்கம் மாறி ஏறியிருக்கிறதா பார். ஒன்பதால் வகுபட்டால், 540-ஐ 450 என்று எழுதியது போல எண் இடம் மாறியிருக்கலாம். சுலபமானது முதலில், செலவு பிடிப்பது கடைசியில். கணக்கு இடித்தால் அடுத்தவர் எழுதிய பக்கத்தை மட்டும் புரட்டாமல், நான் எழுதிய பக்கத்தையும் புரட்ட வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. இருந்து, நான்தான் அன்றைக்கு கிளாஸுக்குப் போகவில்லையோ என்னவோ.

உங்களிடம் ஆட்டோமேட்டிக் கார் இருந்தால் ஒரு வார்த்தை. 2014-ல் செலேரியோ வந்ததற்குப் பிறகு நம் ஊரில் பெருகிய ஏ.எம்.டி. வண்டிகள் வேறு ரகம். அதில் இருப்பது சாதாரண கிளட்ச்தான், மிதிப்பது மட்டும் இயந்திரம். நான் சொல்வது டார்க் கன்வெர்ட்டர் வைத்த வண்டிகளுக்கு. அதிலும் சில கம்பெனிகள் சூடாக்கி நிறுத்திய உடனே அளக்கச் சொல்லும். சிலவற்றில் டிப் ஸ்டிக்கே இருக்காது. வண்டியோடு வந்த புத்தகத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள். என்னுடையது டேஷ்போர்டுக்குள், பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் இருந்தது.

பாக்கிப் பத்தாயிரத்தை அன்றே கொடுத்தேன். அன்றைய ஆயிலுக்கும் கூலிக்கும் சேர்த்து எண்ணி வைத்தேன். ஆயில் காசை மட்டும் எடுத்துக்கொண்டார். டீக்கடையில் பேசிய மூன்று பேருக்கும் போன் செய்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாமவர், "அடடா, நீங்க சொன்னீங்களேன்னு வண்டிய ஈரோட்டுக்கு அனுப்பிட்டேனே" என்றார். அந்த வேலை மஸ்கட்காரருக்குப் போனது போனதுதான். அந்த ஒரு லிட்டரை நான் எங்கே ஊற்றி ஈடுகட்டுவது?

மறுநாள் காலை அப்பா என் முன்னால் வந்து கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

"எங்கப்பா போறீங்க?"

"சேலம். அந்த மேம்பாலம் ஏறிட்டு வரேன்."

பத்தரை மணிக்கு போன் வந்தது. "ஏறிடுச்சுடா" என்றார்.