பனி விடுமுறையும் ஆன்லைன் வகுப்பும்

பனி கொட்டும் நாளில் நியூ ஜெர்சித் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் தவறாமல் வரும் கேள்வி: "பள்ளியை மூடாம, ஆன்லைன்ல நடத்தலாமே?"

சட்டம் இடம் தரவில்லை. இங்கே ஆண்டுக்கு 180 நாள் பள்ளி நடந்தாக வேண்டும். 2020 ஏப்ரலில் வந்த சட்டப்படி, அவசரநிலைப் பிரகடனமோ சுகாதாரத் துறை உத்தரவோ காரணமாக, தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் மூடினால்தான் ஆன்லைன் வகுப்பு அந்தக் கணக்கில் சேரும். ஒரு நாள் பனிக்கு மூடி, 180 நாள் கணக்கு குறைந்தால், வசந்த விடுமுறையிலோ ஜூனிலோ ஈடுகட்ட வேண்டியதுதான்.

விடுமுறைக்கு டிக்கெட் போட்டவர்களுக்கு எரிச்சல் வரும், புரிகிறது. ஆனாலும் நான் இந்தச் சட்டத்தின் பக்கம்தான். பக்கத்து நியூயார்க் நகரம் 2024 பிப்ரவரி 13 அன்று பனிக்காக ஆன்லைனுக்கு மாறியபோது, காலையில் பலரால் உள்ளேயே நுழைய முடியவில்லை. நுழைந்தாலும் என்ன? அஞ்சு வயசுப் பிள்ளை தானாக மியூட்டை எடுக்காது. அடுத்த அறையில் மீட்டிங்கில் இருக்கும் அம்மா எழுந்து வர வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாத அம்மாவின் பிள்ளைக்கு அதுவும் கிடையாது.

சட்டம் அனுமதிக்கும் நீண்ட மூடலில் ஆன்லைனுக்கு மாறினால், பள்ளிச் சாப்பாடு, சிறப்புக் கல்வி, ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளின் தேவை எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் திட்டம் வைத்திருக்க வேண்டும். உங்கள் மாவட்டத் திட்டத்தை ஒருமுறை வாசியுங்கள். குறை தெரிந்தால் கல்வி வாரியக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.