கறுத்த கத்தாழை

மீன்களுக்கு நாம் எத்தனையோ பெயர் வைத்திருக்கிறோம். வலையில் வந்து விழும் மீன் பதில் பேசுவதில்லை. ஆனால் தன் குரலைக் கொண்டே தன்னை அறிவித்துக்கொள்கிற ஒரு மீன் வம்சமும் கடலில் உண்டு. இங்கிலீஷ்காரர்கள் அதை ‘குரோக்கர்’ என்கிறார்கள். நம் கடற்கரையில் அதற்குக் கத்தாழை, பன்னா, கூறல் என்று ஆளுக்கு ஒரு பெயர். மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைக்கு மீனவர்கள் வைத்த பெயர் நெட்டி. அதை ஒட்டிய தசைகள் துடிக்கும்போது, பை மத்தளம் மாதிரி அதிர்கிறது. இனப்பெருக்க காலத்தில் இந்தக் கச்சேரி அமர்க்களப்படும். கத்துகிற மீன் ஆனதால்தான் கத்தாழை என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

நான் குடியிருக்கும் மணவாள நகருக்குக் கடலோடு சம்பந்தம் கிடையாது. திருவள்ளூரை ஒட்டிய ஊர். பக்கத்தில் இருப்பது 1944-ல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம். அதில் கிடைப்பதெல்லாம் நன்னீர் மீன். கத்தாழை வேண்டுமானால் காசிமேட்டிலிருந்தோ பழவேற்காட்டிலிருந்தோ வந்தாக வேண்டும். எங்கள் தெருவுக்குக் கூடை கொண்டு வருகிற அம்மாளிடம் என் மனைவி ஒரு நாள் விசாரித்தாள்.

“போன வாரம் குடுத்ததும் இதுதானே?”

“அது பன்னாம்மா. இது கத்தாழை.”

“ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?”

“உங்க கண்ணுக்கு ஒரே மாதிரி. வாயைத் தொறந்து பல்லைப் பாருங்கம்மா. அதுவும் புரியலைன்னா கொழம்பு வெச்சுப் பாருங்க, நாக்கு சொல்லும்.”

மீன் சாஸ்திரிகளுக்கு இந்தக் குடும்பம் நெடுநாள் கொடுத்த தலைவலி, அந்தப் பதிலுக்குள் அடங்கியிருக்கிறது. உலகத்தில் இதைச் சேர்ந்தவை 280 வகைக்கு மேல். பலவற்றுக்கு ஒரே வெள்ளி மேனி, ஒரே சாயல். வெளித்தோற்றத்தை வைத்து ஜாதி பிரிக்க முடியாது. ஆகையால் அவர்கள் உள்ளே பார்க்கத் தொடங்கினார்கள். தலைக்குள் காதோரம் இருக்கும் வெள்ளைக் கற்கள் ஒரு சாட்சி. நெட்டி இன்னொரு சாட்சி. ஒரு ஜாதியின் நெட்டி முன்பக்கம் சுத்தியல் தலை மாதிரி விரிந்திருக்கும். வேறொன்றினுடையது காரட் கிழங்கு போலக் குறுகிச் செல்லும். 1963-ல் சீனத்து ஆராய்ச்சியாளர்கள் மூவர் இந்த இரண்டையும் அடிப்படையாக வைத்து வகை பிரித்தார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த எதல்வின் டிரவாவஸ் என்ற அம்மையார், இந்து மகாசமுத்திரமும் மேற்குப் பசிபிக்கும் சேர்ந்த பிரதேசத்தின் கத்தாழைகளை முழுக்க ஆராய்ந்து 1977-ல் பெரிய நூலாக வெளியிட்டார்.

ஆனால் கதை தொடங்கியது நம் தரங்கம்பாடியில். டேனிஷ்காரர்கள் ஆண்ட அந்த ஊருக்கு 1771-ல் வந்தவர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானியப் பாதிரியார். 1813-ல் இறக்கும்வரை இந்த மண்ணிலேயே வாழ்ந்தார். நம் கடல் மீன்களைச் சேகரித்து, பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்ற வைத்தியருக்கு அனுப்பிவைத்தார். பிளாக்கும் நன்றி மறக்காதவர். 1793-ல் ஒரு புதிய ஜாதிக்கு ‘ஜானியஸ்’ என்று நண்பரின் பெயரையே சூட்டினார். அதன் முதல் இனத்துக்கு அவர் வைத்த பெயர் ‘கருட்டா’. லத்தீன் மாதிரி தோன்றுகிறதா? இல்லை ஐயா! ‘கறுத்த கத்தாழை’ என்ற பேச்சிலிருந்து பிய்த்து எடுத்த நம்முடைய ‘கறுத்த’தான் அது!

விஞ்ஞானத்தில் ஜாதிப் பெயர் இனிஷியல் மாதிரி. இனப் பெயர்தான் சொந்தப் பெயர். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு இனிஷியல் மாறலாம். அம்மா வைத்த பெயர் மாறாது. 1801-ல் ‘ஜானியஸ்’ வீட்டில் பிறந்த ‘ரூபர்’ என்ற மீன், பிற்பாடு ‘ஓட்டோலித்தஸ்’ வீட்டுக்குக் குடிபோயிற்று. ‘ரூபர்’ மட்டும் கூடவே போயிற்று.

1969-ல் இன்னொரு நல்ல காரியம் நடந்தது. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லால் மோகன், இந்தியக் கத்தாழைகளை வரிசைப்படுத்தியபோது மூன்று புதிய ஜாதிகளை வகுத்தார். அவற்றில் ஒன்றுக்குப் ‘பன்னா’ என்றும் இன்னொன்றுக்குக் ‘கத்தாலா’ என்றும் பெயரிட்டார். கூடைக்கார அம்மாள் எங்கள் வாசலில் சொன்ன இரண்டு வார்த்தைகளும், இன்றைக்கு உலகத்து மியூசியம் புட்டிகளில் சீட்டாக ஒட்டப்படும் பெயர்கள்!

இதெல்லாம் பெயரளவிலான பெருமைதானே என்று கேட்கலாம். இல்லை. பெயர் மங்கினால் மீன் குறைவதும் கண்ணுக்குத் தெரியாது. மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் ‘டொட்டோவாபா’ என்ற பெரிய கத்தாழை, நெட்டிக்காகவே வேட்டையாடப்பட்டு அருகிப்போயிற்று. 1975-ல் அதைப் பிடிப்பதையே தடை செய்தார்கள். நம் கூறலின் நெட்டிக்கும் கீழ்நாட்டுச் சந்தையில் நல்ல விலை. அந்த மீனை 2023-ல் குஜராத் தன் மாநில மீனாக அறிவித்தது. அங்கே அதற்கு ‘கோல்’ என்று பெயர். பத்து வகையையும் ஒரே பெட்டியில் கொட்டி ‘குரோக்கர்’ என்று சீட்டு ஒட்டிவிட்டால், அதில் எது போன வருஷத்தைவிடக் குறைந்தது என்று யார் சொல்வார்கள்? ‘அது பன்னா, இது கத்தாழை’ என்று சொல்லத் தெரிந்தவர்கள்தான் சொல்ல முடியும்.

தரங்கம்பாடிக் கரையில் ஒரு நாள், ஜான் பாதிரியார் ஒரு மீனைக் காட்டி “இது என்ன?” என்று கேட்டிருப்பார். வலையை உதறிக்கொண்டே யாரோ ஒருவர் “கறுத்த கத்தாழை” என்று சொல்லியிருப்பார். கேட்டவர் பெயர் ஜாதியாக நிலைத்துவிட்டது. சொன்னவர் பெயரை எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அந்த மீனை முழுப் பெயரிட்டு அழைக்கிறவர், எந்த நாட்டுப் பேராசிரியரானாலும் சரி, ஜானின் பெயரோடு நிறுத்திக்கொள்ள முடியாது. அடுத்த வார்த்தைக்கு அந்தச் செம்படவரின் வாயைத்தான் கடன் வாங்க வேண்டும்.