பச்சையின் மூலபாடம்

பெருங்கடவிளையில் எங்கள் ரப்பர்த் தோட்டத்துக் கொட்டகையில் நிற்பது ஒரு ஜோங்கா; நிசான் உரிமத்தின்கீழ் ஜபல்பூரில் இராணுவத்துக்கெனத் தயாரிக்கப்பட்ட வண்டி. அதன் 3956 சிசி பெட்ரோல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியதைவிட, பெயிண்டைச் சுரண்டியதே எனக்குப் பாடமாயிற்று. முன்பம்பரில் வெள்ளைக்கு அடியில் நீலம். அதற்கும் அடியில் ஆலிவ் பச்சையும், படைவண்டி எண்ணுக்கு முன்வரும் மேல்நோக்கிய அம்பும். ஏட்டுச்சுவடியில் மூலபாடத்தைக் கண்டடைந்த மகிழ்ச்சி எனக்கு. ஆயினும் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதி, பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கன்றிப் பிறவற்றுக்கு அந்நிறத்தை அனுமதிப்பதில்லை. மூலத்தை முழுமையாக மீட்டால் வண்டி சாலையேற இயலாது. ஆகவே சாம்பல் நிறம் பூசினேன். பாடபேதத்தை அடிக்குறிப்பில் தருவதுபோல, பானெட்டின் உட்புறத்தில் மட்டும் பழைய பச்சையை விட்டுவைத்திருக்கிறேன்.