நூறு ரூபாவின் கணக்கு

நான் கலைப்பீடத்தைத் தெரிவு செய்ததற்கு வரலாற்றின் மீதான காதல்தான் காரணம் என்று கேட்பவர்களிடம் சொல்வேன். உண்மையான காரணம் கணிதம். ஓ.எல்லில் கணிதத்துக்கு வந்தது ஒரு சாதாரண 'எஸ்'. இனிக் கணக்கே இல்லாத ஒரு இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். அப்படிப்பட்ட நான் எங்கள் வீட்டுக் கடனைப் பற்றி ஒரு கணக்கு எழுதப் போய், அதை இங்கே கட்டுரையாகவும் எழுதுகிறேன் என்றால் எனக்கே சிரிப்பு வருகிறது.

எங்கட வீடு ஊர்காவற்றுறையில். அப்பாவும் அண்ணாவும் நண்டுத் தொழில். தீவார் எண்டாலே வியாபாரத்தில கெட்டிக்காரர் எண்டு யாழ்ப்பாணத்தில ஒரு கதை இருக்கு. புங்குடுதீவாரும் காரைநகராரும் கொழும்பிலும் தென்பகுதியிலும் கடை போட்டு ஆண்ட காலத்தை வைத்துச் சொல்வது அது. ஆனால் கடலுக்குப் போகிற வீடுகளில் அந்தக் கதை செல்லாது. எங்களிடம் கல்லாப்பெட்டியும் இல்லை, கணக்குப் புத்தகமும் இல்லை. பட்டால் சாப்பாடு, படாவிட்டால் கடன்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. எங்கட போட்டுக்கு ஒரு நாளைக்கு எட்டு லீற்றர் வேணும். அதாவது 696 ரூபாவுக்கு முடிந்த பயணம் 2,720 ரூபாவாகியது. அதுக்கு முதல் பல கிழமை எண்ணெயே இல்லாமல் போட் கரையில் கிடந்தது வேற. ஒக்ரோபரில் இழுவைப்படகு வந்து வலையையும் அறுத்துக்கொண்டு போனபோது, அப்பா நண்டு எடுக்கிற முதலாளியிடம் 80,000 ரூபா முற்பணம் வாங்கினார்.

வட்டி இல்லை. கட்டுப்பணம் இல்லை. கையெழுத்துக்கூட இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: காசு திருப்பிக் கொடுக்கும்வரை பிடிக்கிற நண்டு முழுக்க அவருக்கே தர வேண்டும். "வட்டியில்லாமல் இந்தக் காலத்தில ஆர் பிள்ளை காசு தாறான்?" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். நானும் நம்பினேன்.

மூன்றாம் வருடத்தில் மலையகத் தோட்டங்களைப் பற்றி ஒரு ஒப்படை எழுத வேண்டியிருந்தது. அங்கே 'துண்டு முறை' என்று ஒன்று இருந்தது. தொழிலாளி தோட்டத்துக்கு எவ்வளவு கடன் என்று ஒரு துண்டில் எழுதியிருக்கும். அந்தக் கடனை வேறொரு தோட்டம் கட்டினால்தான் அவர் அங்கே போகலாம். 1921 இல்தான் அதை ஒழித்தார்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போது மனதில் ஏதோ இடறியது. அப்பாவும் வேறொருவருக்கு நண்டு விற்க முடியாதே? துண்டு இல்லை என்பது மட்டும்தானே வித்தியாசம்?

2024 ஜனவரி முதலாம் திகதி ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். நாலு நிரல் கீறினேன்: திகதி, கடலுக்குப் போனதா, எத்தனை கிலோ, எவ்வளவு செலவு. பிறகு ஐந்தாவதாக ஒன்று சேர்த்தேன்: முதலாளி தந்த விலை, கடன் இல்லாத ஆட்களுக்கு அதே கரையில் கிடைத்த விலை.

பெப்ரவரி 29 வரை சரியாக 60 நாள். அப்பா கடலுக்குப் போனது 41 நாள். ஞாயிறு 8, புதுவருடம் 1, காற்று 6, வலை திருத்தினது 4 என்று மிச்சம் 19 நாள் போயிற்று. தொடங்க முதல் அப்பாவிடம், "ஒரு நாளைக்கு எவ்வளவு படும் அப்பா?" என்று கேட்டிருந்தேன். "எட்டு, பத்துக் கிலோ வரும்" என்றார். கொப்பியின்படி மொத்தம் 246 கிலோ. 41 ஆல் பிரித்தால் ஒரு நாளைக்கு 6 கிலோ.

அந்த 6 கூட ஏமாற்றுகிற எண்தான். ஐந்தே ஐந்து நாளில் மட்டும் 82 கிலோ பட்டிருக்கிறது. அதாவது மூன்றில் ஒரு பங்கு. அந்த ஐந்தையும் எடுத்துவிட்டால் மிச்ச 36 நாளுக்கும் சராசரி நாலரைக் கிலோதான். அப்பா பொய் சொல்லவில்லை. வள்ளம் நிறைய வந்த நாளைத்தான் மனுசருக்கு ஞாபகம் நிற்கும். வெறுங்கையோடு வந்த நாளை யார் ஞாபகம் வைப்பார்கள்? அதற்குத்தான் கொப்பி.

ஒரு பயணத்துக்கு எண்ணெய், ஐஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,500 ரூபா. முதலாளியின் விலை கிலோ 1,000. ஆகவே இரண்டரைக் கிலோ பட்டால்தான் அன்றைய செலவாவது மிஞ்சும். ஏழு நாள் அதுவும் படவில்லை. அந்த ஏழு நாளையும் முதலே கண்டுபிடிக்கலாமா என்று மூளையைக் கசக்கிப் பார்த்தேன். "கடலுக்க என்ன கிடக்குதெண்டு கொப்பிக்குத் தெரியுமே?" என்று அண்ணா சிரித்தான். அதில் அவன் சொன்னது சரி.

ஆனால் ஐந்தாவது நிரல் வேறு கதை சொன்னது. கடன் இல்லாதவர்களுக்குக் கிலோ 1,100. எங்களுக்கு 1,000. வித்தியாசம் வெறும் நூறு ரூபா. ஒரு நாளும் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. 246 கிலோவுக்கு அது 24,600 ரூபா. மாதத்துக்கு 12,300.

நான் அவசரப்பட்டு ஆறால் பெருக்கி, வருடத்துக்கு 147,600 என்று அப்பாவுக்குக் காட்டினேன். அவர் கொப்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சோளகத்தில உப்பிடிப் படுமோ பிள்ளை? நாலு மாசத்தைக் கழி" என்றார். சரி, எட்டு மாதத்துக்கு மட்டும் போட்டோம். 98,400 ரூபா.

கடன் 80,000. வருடத்துக்கு நாங்கள் விடுகிறது 98,400. அதாவது நூற்றுக்கு 123 வட்டி. முதல் அப்படியே இருக்கிறது, ஒரு சதமும் குறையவில்லை. நுண்கடனால் பெண்கள் படுகிற பாடு பெரிய பிரச்சினையாகி, 2018 இல் அதற்கு 35 வீதம் என்று வட்டிக்கு உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். எங்கட 'வட்டியில்லாக் கடன்' அதைவிட மூன்று மடங்குக்கு மேல். வட்டி என்ற சொல்லே இல்லாதபடியால் யாருக்கும் அது வட்டியாகத் தெரியவில்லை.

அப்பா அன்றிரவு ஒன்றும் கதைக்கவில்லை. அம்மாதான் கதைத்தா. "உன்ர கொப்பியில அந்த இரவு எங்க இருக்கு?" என்று கேட்டா. அவவுக்குக் கடுமையாக வருத்தம் வந்த ஒரு இரவில், பன்னிரண்டு மணிக்கு வான் அனுப்பி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வைத்தது அந்த முதலாளிதான். எண்ணெய் இல்லாத மாதங்களில் கான் நிறைய எங்கேயோ எடுத்து அனுப்பியதும் அவர்தான். எந்த வங்கி பன்னிரண்டு மணிக்குக் கதவு திறக்கும்? அதற்கு என்னிடம் நிரல் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொன்னேன். "அம்மா, அவர் செய்த உதவிக்கு நாங்கள் நன்றியா இருப்பம். அந்த நன்றிக்கு வருசத்துக்கு எவ்வளவு குடுக்கிறம் எண்டு தெரிஞ்சுகொண்டு இருப்பம்." பெரிய மனிசி மாதிரிக் கதைக்கிறாய் என்று ஏச்சு விழுந்தது.

மூன்று கிழமைக்குப் பிறகு அப்பாவே முடிவெடுத்தார். கடற்றொழிலாளர் சங்கத்தில் நூற்றுக்கு 12 வட்டிக்கு 50,000 எடுத்தார். அம்மாவின் சீட்டுக் காசு 30,000. இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தார். சங்கக் கடனுக்கு வருடம் முழுக்க வருகிற வட்டி கூடினால் 6,000. நாங்கள் முதல் விட்டுக்கொண்டிருந்த காசில் அரை மாதக் கணக்கு அது.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. காசை எண்ணி வாங்கிக்கொண்டு, "மகள் கணக்குப் பார்த்தவவோ?" என்று மட்டும் கேட்டாராம். அப்பா இப்பவும் அவருக்குத்தான் நண்டு கொடுக்கிறார். ஆனால் 1,100க்கு. அது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு யோசித்தால், விரும்பினால் வேறு ஆளுக்கு விற்கலாம் என்ற நிலைமையில் அவருக்கே விற்பதும், விற்றே ஆக வேண்டும் என்று விற்பதும் ஒன்றில்லை.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். அந்த வருடம் ஜூலையில் எஞ்சின் பழுதாகிவிட்டது. முன்பென்றால் முதலாளிக்கு ஒரு கோல் எடுத்தால் அடுத்த நாளே காசு வரும். இந்த முறை கேட்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. காசு சேர்த்துச் சாமான் வாங்க ஒன்பது நாள் எடுத்தது. அந்த ஒன்பது நாளும் கொப்பியில் வெறுமையாக இருக்கின்றன. அது அந்த நூறு ரூபா இல்லாமல் போனதன் விலை. இப்போது கிலோவுக்கு முப்பது ரூபா என்று எடுத்து ஒரு பால்மா ரின்னில் போடுகிறோம். அடுத்த முறை எஞ்சின் நின்றால் ரின்னைத்தான் கேட்க வேண்டும்.

இதை வாசிக்கிற நீங்கள் கணிதத்தில் என்னை மாதிரி 'எஸ்' எடுத்தவராகவும் இருக்கலாம். நான் செய்தது கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் மட்டும்தான். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. வீட்டில் கடையோ, தோட்டமோ, மாடோ, தையல் மெஷினோ எது இருந்தாலும் இரண்டு மாதம் எழுதிப் பாருங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள். 'சும்மா' கிடைக்கிற காசு என்றால் அதற்கு ஒரு நிரல் கூடக் கீறுங்கள். எழுதி முடிந்ததும் வீட்டிலே மூத்தவர்களிடம் காட்டுங்கள். சோளகத்தில் நாலு மாதம் கழிக்க வேணும் என்பது எனக்குத் தெரியாது, அப்பாவுக்குத்தான் தெரிந்தது.