சேவல் இறகில் ஒரு மீன்

முட்டம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் பார்த்த பாறைகள், கலங்கரை விளக்கம், சாயங்காலச் சூரியன்... எனக்கு ஒரு சேவலின் கழுத்து இறகுதான் ஞாபகத்துக்கு வரும்.

அந்தக் கரையில் படகு நிழலில் உட்கார்ந்து பொய் மீன் கட்டிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். நம்ம ஊர் வழக்கப்படி 'பாட்டா' என்று கூப்பிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பலகையில் அடித்த ஆணியில் தூண்டில் முள்ளை மாட்டுகிறார். இரண்டு வெள்ளை இறகு, பழைய சேலையிலிருந்து உருவிய ஜரிகை ஓர் இழை. சிவப்பு நூலால் நாலு சுற்று, ஒரு முடிச்சு. பல்லால் நூலைக் கடித்துத் துப்பினால் வேலை முடிந்தது. கண்ணில் புரை. விரல்தான் பார்க்கிறது. ஒரே தங்கூஸ் நரம்பில் வரிசையாக இப்படி ஐந்தாறு முள். அடியில் ஈயக்குண்டு. ஆழத்தில் இறக்கிச் சுண்டிச் சுண்டி இழுத்தால் இறகு விரியும், சுருங்கும். அயிலைக்கு அது பயந்து ஓடுகிற பொடிமீன்!

எனக்கோ சந்தேகம். கண்ணும் இல்லை, வாலும் இல்லை. இதை எந்த மீன் நம்பும்?

"மீனு மாதிரி செய்யப்பிடாது மக்கா. மீனு ஓடுத மாதிரி செய்யணும். பாத்து யோசிச்சா அதுக்க எரை போயிரும்லா!"

விஞ்ஞானமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. பொடிமீனின் தோலில் குவானின் என்ற பொருள் நுண்ணிய படிகங்களாக அடுக்கியிருக்கிறது. வெளிச்சம் பட்டால் கண்ணாடி மாதிரி பளிச்சிடும். மீன் செதிலிலிருந்து அதைப் பிரித்தெடுத்து நகப்பூச்சில் மினுமினுப்புக்குச் சேர்ப்பதும் உண்டு. பெரிய மீன் துரத்துவது அந்தப் பளிச்சையும் துடிப்பையும்தான். ஜரிகை முதல் வேலையைச் செய்கிறது, இறகு இரண்டாவதை.

கி.பி. 200 வாக்கில் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் முள்ளில் சிவப்புக் கம்பளி நூல் சுற்றி, சேவலின் கழுத்து இறகைக் கட்டி ஆற்று மீன் பிடித்ததை எழுதியிருக்கிறார். அங்கே பூச்சி வேஷம், இங்கே மீன் வேஷம். சேவலுக்கு மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே கதி!

"யாருக்காவது சொல்லிக் கொடுத்தீங்களா பாட்டா?"

கை நின்றது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது அவருடைய மகன் கடலில் இருந்திருக்கிறான். நாலாம் நாள் கரை சேர்ந்தான். எத்தனையோ வீடுகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இப்போது மகன் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்.

"நான்தான் கடலுக்குப் போகாண்டாம்னு சொன்னேன். தொழிலு போனா போட்டும். பய இருக்கான்லா..."

'பாரம்பரியம் அழிகிறதே' என்று உச்சுக்கொட்ட எனக்கும் ஆசைதான். ஆனால், அந்தப் பாரம்பரியத்துக்காக என் பிள்ளையை நான் அனுப்புவேனா? நீங்கள்? கரையில் இருந்துகொண்டு கலையைக் காப்பாற்றச் சொல்வது ரொம்ப சுலபம்.

நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. இழுவலையில் குஞ்சும் குளுவானுமாக எல்லாம் சேர்ந்து வரும், நசுங்கியும் வரும். தூண்டிலில் மீன் ஒவ்வொன்றாக, உயிரோடு மேலே வரும். அடுத்த முறை சந்தையில், "தூண்டில் மீனா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் பேரம் பேசாதீர்கள். இன்னமும் கடலுக்குப் போகிறவர்களுக்காவது கட்டுப்படியாகட்டும்.