கூட வந்தவங்க

மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இந்த வராந்தாவுக்கு மட்டும் தனியாக ஒரு வழக்கம். இங்கே யாரும் யாரையும் “உடம்புக்கு என்ன?” என்று கேட்பதில்லை. அந்தப் பக்கம் எலும்பு முறிவுப் பிரிவின் வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் நாலு குடும்பத்துக் கதை தெரிந்துவிடும். எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கிற இந்த ஏ.ஆர்.டி. மையத்தின் வாசலில் ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். நான் யாருக்காக வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றும் யாரும் கேட்கவில்லை. கொங்கு நாட்டில் ஓர் ஊர் என்பதற்கு மேல் நானும் எழுதப்போவதில்லை. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும், இங்கே பார்த்தவர்களை அடையாளம் காட்டி எழுதக் கை வராது.

மருந்து வாங்க வந்தவர் யார், கூட வந்தவர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. டிரைவர் ஒருவர் நாக்பூர் லோடைப் பற்றிப் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். நன்றாகத் தேறிய உடம்பு. பேசி முடித்ததும் “டீ குடிச்சிட்டு வர்றேன்” என்று எழுந்து போய்விட்டார். பக்கத்தில் அவர் மனைவி, கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு. அவர் மடியில் இரண்டு மாத்திரை டப்பாக்கள். ஒன்று வீட்டுக்காரருக்கு, ஒன்று தனக்கு.

டப்பாவில் ஒட்டியிருந்த லேபிளை அந்தப் பெண் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். காகிதம் துணுக்குத் துணுக்காக வந்தது. ஒவ்வொரு துணுக்கையும் பொறுக்கி மணிபர்ஸில் போட்டுக்கொண்டார். நாலடி தூரத்தில் குப்பைக்கூடை இருந்தது, அதில் போடவில்லை. பிறகு பையிலிருந்து பஞ்சை எடுத்து, இரண்டு டப்பாவிலும் மாத்திரைகளின் மேல் திணித்து மூடி, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். சத்தமில்லை. இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்து மறுபடி குலுக்கினார். முப்பது மாத்திரை பஸ்ஸில் குலுங்குகிற சத்தத்தை அடையாளம் கண்டுகொள்கிற ஒருவர் அடுத்த சீட்டில் இருந்தால் போதும். அந்தப் பெண்ணும் நோயாளிதான், அவருக்கும் தினம் ஒரு மாத்திரை உண்டு. ஆனால் இருவருக்கும் சேர்த்து மறைக்கிற வேலை அவர் ஒருத்தருடையது.

வெளியே வேப்பமரத்தடியில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். கடைசிவரை உள்ளே வரவில்லை. இளைஞன் ஒருவன் மஞ்சப்பையோடு வெளியே வந்ததும், ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைக் கிளப்பினார்.

லாரியும் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியும் சோறு போட்ட மண் இது. வண்டியோடு போன ஆண்கள் வழியாக நோய் வீட்டுக்கு வந்தது. வந்த பிறகு அதைத் தூக்கிச் சுமந்தவர்கள் பெண்கள். 1998-ல் நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா சில பெண்களோடு சேர்ந்து, எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் ஊருக்கு முன்னால் நின்றார். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. அவர் திறந்த கதவு வழியாக நடக்க எல்லோருக்கும் வாய்க்கவில்லை.

டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையில் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தது 1986-ல். அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1-ல். இடைப்பட்ட அந்த வருடங்களில் வீட்டில் வைத்துப் பார்ப்பதென்றால், பெரும்பாலும் சாகும்வரை கூட இருப்பதுதான். பேதியைத் துடைத்தார்கள், வாய்ப்புண்ணுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தார்கள், தாம்பரம் சானடோரியத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கொடுமையான வேலை, ஆனால் ஒருநாள் முடிந்துவிடுகிற வேலை. இப்போது நாளைக்கு ஒரு மாத்திரை. விடாமல் போட்டு வந்தால் ரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் உடலுறவு மூலமாகக்கூடப் பரவாது. வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம், பேரன் பேத்தி எடுக்கலாம். ஆயுள் நீண்டதோடு ரகசியத்தின் ஆயுளும் நீண்டுவிட்டது. பங்காளி வீட்டுக் கல்யாணத்தில், பொண்ணு பார்க்க வருகிற அன்று, ரேஷன் கடை வரிசையில் என்று வாயைக் கட்டிக்கொண்டு காவல் இருக்க வேண்டியிருக்கிறது. இந்தக் காவலுக்கு மாற்றாள் கிடையாது. வீட்டில் கூட இருப்பவர்களின் மனம் இங்கேதான் உடைகிறது என்று நினைக்கிறேன்.

சிகிச்சை தொடங்கும்போது எழுதுகிற அட்டையில் பார்த்துக்கொள்பவரின் பெயரையும் கேட்டு எழுதுகிறார்கள். நோயாளி மருந்து வாங்க வராவிட்டால் விசாரிக்க அது வேண்டும். அப்படிக் கூடவே இருக்கிறவர் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று எழுத அட்டையில் இடமில்லை. மையத்தில் வேலை பார்ப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் பார்த்த காலை நேரத்தில் அவர்கள் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. சுவரில் ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவையின் 14416 எண் ஒட்டியிருந்தது. 2022-லிருந்து இருக்கிற, எந்நேரமும் கூப்பிடக்கூடிய நல்ல சேவை. ஒற்றை அறை வீட்டில், மருமகளும் பேரனும் கேட்டுக்கொண்டிருக்க, யாரிடமும் சொல்லாததைப் போனில் எப்படிச் சொல்வது?

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரத்தில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் பதினான்கு பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, மனம் நொந்து வருகிறவர்களிடம் மரபெஞ்சில் உட்கார்ந்து பேச வைத்தார். எச்.ஐ.வி. வீட்டுக்கு வீடு நுழைந்திருந்த நாடு அது. பத்து வருடம் கழித்து முறையாக ஆய்வு செய்து பார்த்தபோது, அந்தப் பேச்சு மனச்சோர்வைக் குறைத்திருந்தது. எங்கள் வராந்தாவிலும் பெஞ்சு இருக்கிறது. பாட்டியும் வந்து உட்கார்ந்தார்.

எழுபதை ஒட்டிய வயது. கூட ஒரு பேரன், மீசை அரும்புகிற பருவம். பையன் எதிர்ச்சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். “சாமி, சித்த உக்காரு கண்ணு” என்றார் ஆத்தா. அவன் நிமிரவில்லை.

ஆத்தாவுக்கு வராந்தாவின் வழக்கம் தெரிந்திருக்கவில்லையோ, தெரிந்தும் தாங்கவில்லையோ, டிரைவரின் மனைவியிடம் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார். “எம்மவன் ரிக் வண்டியில போயிட்டிருந்தானுங்க அம்மிணி. மாத்தரய ஒழுங்கா போடாம உட்டுப்போட்டான். மருமவளும் பின்னாலயே போயிட்டா. இவன் அப்ப கைப்புள்ள.” அந்தப் பெண் தலையை மட்டும் அசைத்தார். “ஊருக்கு மஞ்சக்காமாலைன்னு சொன்னோம். எழவு ஊட்டுல ஒப்பாரி வெக்கறப்பகூட மஞ்சக்காமாலைன்னே அழுதேன்.”

இறந்தவன் எப்படிப் போனான் என்று பாடி, பாடி, ஆற்றிக்கொள்ளத்தான் ஒப்பாரி. அதிலும் பொய் சொல்ல நேர்ந்தால் துக்கம் எங்கே இறங்கும்? ஊர் ஏற்றுக்கொள்ளாத துக்கம் எப்படி உள்ளேயே தங்கிவிடுகிறது என்பதைப் பற்றி கென்னத் டோகா என்ற அமெரிக்க அறிஞர் 1989-ல் ஒரு புத்தகமே தொகுத்தார். அவருக்கு இந்த ஆத்தாவைத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு ஆத்தா பையிலிருந்து போன மாதத்து டப்பாவை எடுத்தார். மீதி மாத்திரையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். சிஸ்டர் எண்ணிப் பார்ப்பார். கணக்கு உதைத்தால் மருந்தை விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆத்தா மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டினார். ஆறு. உதடு அசைய மறுபடி எண்ணினார். எதிரே பேரனை ஒரு பார்வை பார்த்தார். இரண்டைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினார். மற்ற நாலையும் முந்தானை நுனியில் வைத்து முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

முறை வந்தது. சிஸ்டர் எண்ணினார். “ரெண்டு. சரியா இருக்குது.”

“பொய்க்கா அது. ஆறு இருக்கோணும்” என்றான் பையன், பின்னால் வந்து நின்று. கோபமாகச் சொல்லவில்லை. “சத்து மாத்திரைய நாலு நாள் போடலைன்னா என்ன ஆயிரும்?” ஆத்தாவைப் பார்த்தான். “சத்து மாத்திரைதான ஆத்தா?”

போன் திரையை அவர் பக்கம் திருப்பினான். ஆத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. அவன் எதைத் தேடிப் படித்திருக்கிறான் என்று தெரிந்துகொள்ள எழுத்து வேண்டியிருக்கவில்லை.

பள்ளிக்கூட வயதிலேயே பிள்ளைக்குப் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே வழிகாட்டியிருக்கிறது. இந்த மையத்தின் ஆலோசகரும் அதைத்தான் வருடக்கணக்காகச் சொல்லி வந்திருக்கிறார் என்பது அடுத்து நடந்த பேச்சில் தெரிந்தது. பரீட்சை முடியட்டும், மாரியம்மன் நோம்பி போகட்டும், இன்னும் கொஞ்சம் பெரியவனாகட்டும் என்று ஆத்தா தள்ளிப்போட்டிருக்கிறார். தள்ளிப்போட்டதைக் குற்றம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அப்பனையும் அம்மாவையும் எது கொண்டுபோனது என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டுமே.

ஆலோசகர் அறையிலிருந்து வெளியே வந்து, பையனின் தோளைத் தொட்டு, “உங்கிட்ட நான் பேசறேன் தம்பி. எல்லாம் சொல்றேன். அஞ்சு நிமிசம் இரு” என்றார். ஆத்தா முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலு மாத்திரையையும் மேசைமேல் வைத்தார். கை நடுங்கியது. திட்டு விழும் என்று எதிர்பார்த்து நின்றார்.

“ராத்திரி தூங்கறீங்களா ஆத்தா?”

அவருக்குக் கேள்வி புரியவே கொஞ்ச நேரம் ஆனது. “எனக்கென்னங்க அம்மிணி. ரெண்டு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துருது. நெஞ்சு படபடன்னு அடிக்குது. பக்கத்தூரு ஆஸ்பத்திரியில பி.பி. மாத்தர குடுத்துக்கறாங்க.” நிறுத்தி, “எனக்கப்புறம் இவன எட்டு மணிக்கு மாத்தர போடச் சொல்ல ஆளில்லீங்களே, அத நெனச்சுட்டுப் படுத்திருப்பேன்” என்றார்.

“மேல மனநல டாக்டர் இருக்காரு. ஒருக்கா பாத்துட்டுப் போங்க.”

“அந்தச் சீட்டுல இங்கிருந்து வந்தேன்னு எழுதுவாங்களா?”

“எழுத மாட்டாங்க.”

“பேர மாத்திச் சொல்லிக்கலாமுங்களா?”

ஆலோசகர் பேனாவை மூடினார். “நானும் கூட வர்றேன், வாங்க” என்று சொல்லிவிட்டு, வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சு நிறைய ஆள். எல்லோருக்கும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பாதி நாள் கூலி போயிருக்கிறது.

டிரைவரின் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தார். “கூட்டிட்டுப் போயிட்டு வாங்க மேடம். நாங்க இருக்கறோம்.”

“ஆமாங்க, பாத்துட்டு வாங்க” என்றது இன்னொரு குரல், பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து.