வெள்ளி மலையும் வள்ளிக் கிழங்கும்

அரபி மொழியில் ‘இப்ரத்’ என்றொரு சொல் உண்டு. படிப்பினை என்று அதனைத் தமிழில் சொல்கிறோம். ‘கடந்து செல்லுதல்’ என்பது அச்சொல்லின் வேர்ப்பொருள். இக்கரையில் நிற்பவர் ஆற்றைக் கடந்து அக்கரை சேர்வது போல, கண்ணால் கண்டதிலிருந்து அதன் உட்பொருளுக்குக் கடந்து செல்வதே இப்ரத் ஆகும். ஊர் சுற்றிப் பார்க்கச் செல்வோருள் பலர் இக்கரையிலேயே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். ஜப்பான் நாட்டின் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தபோது இச்சொல் நம் நெஞ்சில் பலமுறை வந்து நின்றது. அங்குக் கண்டவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

ஹிரோஷிமாவில் பணிபுரியும் மருமகனும் நம் மகளும் வற்புறுத்தி அழைத்ததன் பேரில், இலையுதிர் காலமொன்றில் அந்நாட்டுக்குப் பயணமானோம். ஹிரோஷிமாவிலிருந்து மலைகளைக் கடந்து வடக்கே சென்றால் ஜப்பான் கடல். அதன் கரையில், ஷிமானே மாநிலத்தில் இருக்கிறது யுனோட்சு. ‘வெந்நீர்த் துறைமுகம்’ என்பது அப்பெயரின் பொருள். காயம்பட்ட காட்டு விலங்கொன்று ஊற்றில் இறங்கி உடலை ஆற்றிக்கொண்டதைத் துறவி ஒருவர் கண்டார் என்றும், அது நிகழ்ந்து 1300 ஆண்டுகள் ஆயின என்றும் ஊரார் கூறுவர். மற்றோர் ஊற்றோ 1872ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தின்போது பீறிட்டது. வீடுகளைச் சாய்த்த அதே நிலம், நோயாளிகள் நாடிவரும் நீரையும் தந்தது.

அங்குள்ள பொதுக் குளியல் இல்லங்களில் ஆடவரும் பெண்டிரும் வெவ்வேறு பகுதிகளில் குளிக்கின்றனர் என்றாலும், எவரும் ஆடை எதுவுமின்றியே நீரில் இறங்குவர். நாம் தயங்கியதைக் கண்ட மருமகன், “மாமா, குடும்பத்தார் மட்டும் தனியே குளிக்க நேரக் கணக்கில் அறை கொடுப்பார்கள். நான் முன்பே சொல்லி வைத்துவிட்டேன்” என்றார். பேணுதலுடைய குடும்பத்தினர் அங்குச் செல்வதாயின் இதனை நினைவிற் கொள்வது நலம். தாது உப்புகள் படிந்து படிந்து தொட்டியின் விளிம்பு கற்பாறை போல் இறுகியிருந்தது. தொட்டியில் இறங்குமுன் உடலை நன்கு தேய்த்துக் கழுவிவிட வேண்டும் என்பது அங்குக் கண்டிப்பான ஒழுங்கு. அடுத்தவர் இறங்கப்போகும் நீரை அழுக்காக்கலாகாது என்னும் எண்ணம் சிறு குழந்தைகளிடமும் ஊறியிருக்கிறது. தூய்மையைப் பாடமாக நடத்திவரும் நமக்கு இது மகிழ்வளித்தது.

யுனோட்சுவை அடுத்து ஓக்கிதோமரி என்னும் சிறு துறை இருக்கிறது. கப்பல்களின் வடங்களைக் கட்டுவதற்கெனப் பாறைகளில் குடைந்த துளைகளை இன்றும் காணலாம். 16ஆம் நூற்றாண்டில் இவாமி வெள்ளிச் சுரங்கத்தின் வெள்ளி, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் மலைப்பாதையில் வந்து இத்துறையில் கப்பலேறியது. உலகில் அந்நாளில் கிடைத்த வெள்ளியில் மூன்றில் ஒரு பங்கு ஜப்பானுடையது என்றும், அதில் பெரும்பகுதி இவாமியினுடையது என்றும் மதிப்பிடுகின்றனர். 1595இல் ஐரோப்பாவில் அச்சான ஜப்பான் வரைபடத்தில் இவ்விடத்தில் ‘வெள்ளிச் சுரங்கங்கள்’ என லத்தீனில் பொறிக்கப்பட்டுள்ளது. வெள்ளியை நாடி வந்த வாணிகத்தோடு நம் சோழமண்டலக் கரையின் கோடிட்ட பருத்தித் துணியும் ஜப்பானுக்குச் சென்றது. சாந்தோமின் பெயரால் அத்துணியை ஜப்பானியர் ‘சந்தோமே’ என்றே வழங்கினர்.

மறுநாள் சுரங்கத்துக்குச் சென்றோம். ‘கின்சான்’ என அதனை அழைக்கின்றனர். வெள்ளி மலை என்று பொருள். ஹக்காத்தா நகரத்து வணிகர் கமியா ஜுத்தேய் 1527ஆம் ஆண்டளவில் அங்கு வெள்ளி எடுக்கத் தொடங்கினார். 1533இல் கொரிய நாட்டு உருக்கும் முறை வந்தபின் விளைச்சல் பெருகியது. 1923இல் சுரங்கம் மூடப்பட்டது. 2007இல் துறைமுகங்களையும் பாதைகளையும் சேர்த்து யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மலையை மொட்டையடிக்காமல் மரங்களைப் பேணி வெட்டியமையும் அப்பெருமைக்கு ஒரு காரணம். ஓமோரி என்னும் பழைய ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு, மரவீடுகளுக்கிடையே நடந்தே மலையேறினோம்.

600க்கும் மேற்பட்ட சுரங்க வாய்கள் அம்மலையில் உண்டு. மக்கள் தாமே நுழைந்து பார்க்கக்கூடியது ரியூகென்ஜி எனும் சுரங்கம். உளியின் தழும்புகள் சுவரெங்கும் தெரிகின்றன. தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய பக்கப் பொந்துகள் இருளில் மறைகின்றன. சங்குச் சிப்பியில் எண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்கே அந்நாளில் அவர்களுக்கு வெளிச்சம். கல்தூசும் விளக்குப் புகையும் நுரையீரலை அரித்தன. 30 வயதை எட்டிய தொழிலாளிக்கு, பிறர் அறுபது வயதில் கொண்டாடுவது போல, செவ்வரிசிச் சோறும் முழு மீனும் வைத்து நீண்ட ஆயுளின் விழா எடுத்தனராம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் மருத்துவர் ஒருவர், ஊறவைத்த பிளம் பழச் சதையை உள்ளே தடவிய முகமூடியை அவர்களுக்கு ஆக்கித் தந்தார்.

சுரங்கத்தை அரபியில் ‘மஅதின்’ என்பர். தங்கியிருத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்த சொல் அது. நிலையான சுவனச் சோலையைக் குறிக்கும் ‘அத்ன்’ என்பதும் அதே வேரினதே. உலோகம் நிலையாய்த் தங்கிய இடத்தில், அதைத் தோண்டியவர்கள் தங்கவில்லை.

அந்த இருளில் நம் காக்காவின் நினைவு வந்தது. வளைகுடா நாடொன்றில் கல் அறுக்கும் பட்டறையில் அவர் 11 ஆண்டுகள் உழைத்தார். அவர் அனுப்பிய பணத்தில்தான் நாம் மதரஸாவில் ஓதினோம். சகோதரிகள் இருவருக்கும் நிக்காஹ் நடந்தது. ஊர் திரும்பியபோது பெட்டியில் நமக்கொரு கைக்கடிகாரமும், நெஞ்சில் கல்தூசும் கொண்டுவந்தார். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குவார். 46 வயதில் மௌத்தானார்.

சுரங்க மக்களின் நினைவுக்காக ஓமோரியில் ரக்கான்ஜி ஆலயத்தார் மூன்று குகைகளைக் குடைந்து, 500 கற்சிலைகளை வைத்துள்ளனர். கால் நூற்றாண்டு செதுக்கி 1766இல் முடித்தனர். ஒரு முகம்போல் மற்றொன்று இல்லை. இழந்த உறவினரின் முகத்தை அவற்றிடையே காணலாம் என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. முதிய பெண்மணி ஒருவர் ஒவ்வொரு முகமாக நின்று பார்த்துக்கொண்டே சென்றார். சிலையில் முகம் தேடுவது நம் வழியன்று. ஆயினும் அவர் தேடியது என்னவென்று நமக்குப் புரிந்தது. குகைக்கு வெளியே கற்பாலத்தின் ஓரத்தில் நின்று காக்காவுக்காகத் துஆ செய்தோம்.

அவ்வூரில் இதோ ஹெய்சாயெமோன் என்பாருக்கு நினைவாலயம் இருக்கிறது. 1731இல், அறுபதை எட்டும் வயதில், அரசின் நிருவாகியாக வந்தவர் அவர். அடுத்த ஆண்டே பெரும் பஞ்சம் வந்தது. மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல் களஞ்சியத்தைத் திறந்தார், வரியைத் தள்ளினார், தெற்கே சத்சுமாவிலிருந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கை வரவழைத்தார். பருவம் தவறி வந்த விதைக்கிழங்குகளுள் பெரும்பாலானவை அழுகின. ஒரு சிற்றூர் உழவர் மட்டும் அதனைக் காத்து விளைவித்தார், அதிலிருந்து பரவியது. 1733இல் இதோ இறந்தார். நோயால் என்பர் சிலர். பொறுப்பேற்றுத் தம்மையே மாய்த்துக்கொண்டார் என்பர் வேறு சிலர். சுற்றுப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான ஊர்களில் அவருக்கு நினைவுக்கற்கள் நிற்கின்றன. ‘கிழங்கு நிருவாகி’ என்பதே மக்கள் அவருக்குச் சூட்டிய பட்டம். எகிப்தின் களஞ்சியங்களைக் காத்த நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை ஆண்டுதோறும் பாடம் சொல்லும் நமக்கு, அக்கற்களில் ஒன்றின் முன்னே நின்றபோது உள்ளம் நிறைந்தது.

திரும்பும் வழியில் கோத்தோகஹாமா கடற்கரை. அதன் மணலில் கால் அழுந்த நடந்தால் கீச்சென ஒலிக்கும். மணல் தூய்மையாக இருக்கும்வரைதான் அவ்வொலி. அழுக்குச் சேர்ந்தால் ஊமையாகிவிடும். ஆதலால் ஊரார் அதனைக் காத்து வருகின்றனர். அருகே நிமாவிலுள்ள மணல் அருங்காட்சியகத்தில் 5.2 மீட்டர் உயர மணற்கடிகாரம் தொங்குகிறது. ஒரு டன் மணல் அதில் ஓராண்டு முழுதும் நூலிழையாய் ஒழுகுகிறது. ஆண்டு பிறக்கும் நள்ளிரவில் 108 பேர் கயிறு பிடித்து இழுத்து அதனைத் திருப்புவர்.

பேரப்பிள்ளை அந்த மணலிழையையே பார்த்துக்கொண்டு நின்றான். கடிகாரத்தைத் திருப்ப 108 பேர் போதும். ஒருவரின் ஆயுளைத் திருப்ப ஊரே கூடினாலும் ஆகாது. ஆதலால் கொடுக்க வேண்டியதைக் காலத்தில் கொடுத்துவிட வேண்டும். வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகளை உடைய பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தொலைபேசியில் பேசும்போது எவ்வளவு அனுப்புகிறாய் என்று கேட்குமுன், மூச்சு நன்றாக வருகிறதா என்று கேளுங்கள். நம் வீட்டில் காக்காவிடம் அதனைக் கேட்டவர் எவருமில்லை.